கார்னிஸுக்கு சிமென்ட் ஆகாது

கொல்கத்தாவின் பழைய வீடுகளில், சுவர் உச்சியில் ஓடும் கார்னிஸ் வேலைப்பாட்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, மழைக்காலத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழும்வரை. உடனே மேஸ்திரி வருகிறார், கூடவே சிமென்ட். வினையும்தான்.

சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த பழைய காரை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே தங்கும் ஈரம் உப்பைக் கிளப்பி, நன்றாயிருந்த பகுதியையும் உதிர்க்கிறது.

சரியான முறை பழையதுதான். கார்னிஸின் வளைவுகளைத் தகட்டில் வெட்டி, பலகையில் அறைந்து, சுவரில் அடித்த சட்டத்தை ஒட்டி, ஈரச் சுண்ணாம்புக் காரைமேல் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். மூலைகளில் பலகை திரும்பாது, அங்கே கைத்திறன்தான். உதிர்ந்த பூக்களுக்கு, மிஞ்சிய பூவிலிருந்து அச்செடுக்கலாம். அதற்குமுன் பல்லாண்டு வெள்ளையடிப்பைச் சுரண்டாவிட்டால் பூ அல்ல, பணியாரம்தான் வரும்.

2015-ல் எழுத்தாளர் அமித் சவுதுரி, நகரின் இத்தகைய சாதாரண வீடுகளைக் காக்கக் குரல் எழுப்பினார். ஆனால் பங்காளிகள் பத்துப் பேர் இருக்கும் வீட்டில் சுண்ணாம்புச் செலவு யாருடையது? இடித்துக் கட்ட வரும் ப்ரமோட்டரோ ஆளுக்கொரு ஃபிளாட் என்கிறார்.