குணச்சித்திர நடிகர்

கதைத் தலைவன் ஒருவனால் மட்டும் நாடகம் நிறைவு பெறாது. தந்தை, ஆசிரியர், ஏவலர் முதலிய பாத்திரங்களும் உயிர்பெற்றால்தான் கதை உண்மையெனத் தோன்றும். அப்பாத்திரங்களின் இயல்பை விளங்கச் செய்பவரே குணச்சித்திர நடிகர்.

மதுரையிலிருந்து பாம்பனுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், வைகைக் கரையில் அமைந்தது பரமக்குடி. அவ்வூரைச் சேர்ந்த சாருஹாசன், நடிகர் கமல்ஹாசனின் தமையனார். வழக்கறிஞராகிய அவர், ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில், மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979) என்னும் படத்தில் நடித்தார்.

1986-இல் கிரீஷ் காசரவள்ளி இயக்கிய 'தபரன கதெ' என்னும் கன்னடப் படத்தில் அவர் ஏற்றது, தபரன் என்னும் எளிய ஊழியரின் பாத்திரம். பணி ஓய்வு பெற்ற தபரன், தமக்குரிய ஓய்வூதியத்திற்காக அலுவலகத்திற்கு ஓயாமல் அலைகின்றார். நோயுற்ற மனைவியின் மருத்துவத்திற்கு அப்பணமே துணை. ஆனால் கோப்புகள் நகரவில்லை, மனைவி இறந்துவிடுகின்றார். தபரனின் உள்ளம் உடைகின்றது.

வீரமோ காதலோ இல்லாத இம்முதியவரின் துயரை, காண்போர் தம் துயராக உணருமாறு சாருஹாசன் நடித்தார். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

அலுவலக மேசையில் உறங்கும் ஒவ்வொரு தாளுக்காகவும் எங்கோ ஓர் உயிர் காத்திருக்கின்றது. அதனை நமக்கு உணர்த்துவதன்றோ நடிப்புக் கலையின் பயன்?