ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவட்டையில் அரிசி மணியளவு ஒரு திசு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்குத் தெரிவிப்பது அதன் வேலை. பூனைகளில் அளந்தபோது, 100 கிராம் திசு என்ற கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 2,000 மி.லி. ரத்தம் அதற்குள் ஓடியது. மனித மூளைக்கு இதே கணக்கு 54; சிறுநீரகத்துக்கு 420. இப்படிப்பட்ட திசு கட்டியானால் கத்தி படும் இடமெல்லாம் ரத்தம்தான்.

கட்டி அவசரப்படுவதில்லை. நெதர்லாந்தில் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ.; இருமடங்காக 4.2 ஆண்டு. பெரும்பாலும் வலியில்லை, பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை. ஆக்சிஜன் குறைந்த ஆண்டீஸ் மலையூர்களிலும் 2,240 மீட்டர் உயர மெக்சிகோ நகரிலும் இது கூடுதலாக வருகிறது.

கண்டுபிடிக்கச் செலவு அதிகமில்லை. விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகராது. தமனியின் இரு கிளைகளும் விலகி நிற்பதை டாப்ளர் ஸ்கேனே காட்டிவிடும். நம்மூரில் கழுத்துக் கட்டி என்றதும் காசநோய்க் கழலை என்று எண்ணி ஊசி குத்தத் தோன்றும். துடிக்கிற கட்டியில் ஸ்கேனுக்கு முன் ஊசி கூடவே கூடாது.

இந்தக் கட்டியை அறுத்தெடுக்கக் கற்றுக்கொள்ள மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. 1880இல் ரீக்னர் என்ற மருத்துவர் அறுத்தார், நோயாளி இறந்தார். 1886இல் மைட்ல் அறுத்தவர் பிழைத்தார், பேச்சும் உடலின் ஒரு பக்கமும் போயின. தமனியைக் கட்டாமல் கட்டியை மட்டும் எடுத்தது 1889இல் ஆல்பர்ட். தமனிச் சுவரின் வெளியுறையை ஒட்டிப் பிரித்தெடுக்கும் பாதையை 1940இல் கார்டன்-டெய்லர் காட்டினார்.

1971இல் ஷாம்பிளின் குழு 90 நோயாளிகளைப் பார்த்து மூன்று நிலைகள் வகுத்தது. முதல் நிலையில் கட்டி எளிதாகப் பிரியும். இரண்டாவதில் தமனியைப் பாதி சூழ்ந்திருக்கும். மூன்றாவதில் முழுக்க விழுங்கியிருக்கும், தமனியையே வெட்டி வேறு ரத்தக்குழாய் ஒட்ட நேரலாம். அறுவை செய்துகொண்ட 4,000க்கும் மேற்பட்டோரைத் தொகுத்த ஆய்வில், நூற்றில் சுமார் 25 பேருக்கு நாக்கு, குரல், விழுங்குதல் சார்ந்த நரம்புகளில் காயம். 3 முதல் 4 பேருக்குப் பக்கவாதம். 30 நாளுக்குள் மரணம் ஏறத்தாழ 2. சிறிதாக இருக்கும்போதே எடுத்தால் இந்தக் கணக்கு இறங்கும் என்பதால்தான் அந்த ஒரு மில்லிமீட்டரை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

சிலருக்கு இரு பக்கமும் கட்டி இருக்கும். குடும்ப வழியில் வருவோரிடம் இது அதிகம். ஒரே நாளில் இரண்டையும் எடுப்பதில்லை. முதல் பக்கத்தின் குரல் நரம்பு நலமாக இருப்பதை உறுதிசெய்த பிறகே மறுபக்கம் பற்றி முடிவெடுக்கிறார்கள்.