பாடசாலைக்குப் போகும் பாதை யாருடையது?

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பாடசாலைக்கு நடக்கும் பிள்ளை, பெரும்பாலும் மூன்று பேருடைய பாதையில் நடக்கிறது. லயத்திலிருந்து இறங்கும் தோட்டப் பாதை கொம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. அது போய்ச் சேரும் சிறு வீதி பிரதேச சபைக்கு உரியது. கடைசியில் வரும் அவிசாவளை – ஹட்டன் – நுவரெலியா ஏ7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கிறது. கூடவே நடக்கப் பெரியவர்களும் இல்லை. தேயிலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்னமே கிளம்பிவிடுவார்கள்.

விபத்து நடந்தால் சாரதியைத் திட்டுகிறோம், பிள்ளைக்குப் புத்தி சொல்கிறோம். வீதியை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஒரு வாகனம் என்ன வேகத்தில் வரும், பிள்ளை எங்கே நிற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வீதியின் அமைப்புதான். அகலமான காபட் வீதியைப் போட்டுவிட்டு "மெதுவாகச் செல்க" என்று பலகை நட்டால் சாரதி காபட்டைத்தான் கேட்பார்.

வேகக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் சுமார் 14 மீற்றர் ஓடும். பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும். 30இல் வந்த கார் காய்ந்த வீதியில் அதே 14 மீற்றருக்குள் முழுதாக நின்றிருக்கும். அதாவது ஒரு கார் நின்றுவிட்ட இடத்தில், மற்றது பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கிறது. மழையில் இரண்டுக்கும் தூரம் கூடும். இங்கே மழைக்குக் குறைவில்லை. வளைவுகளில் அந்த 14 மீற்றர் கூடக் கண்ணுக்குத் தெரியாது. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை வாகனங்களும் இதே வீதியில் ஏறுகின்றன. பாடசாலை அருகே 30தான் உச்சம் என்று உலகெங்கும் வற்புறுத்தப்படுவது இதனால்தான்.

மலைவீதியில் நடைபாதை போட இடமில்லை என்பது வழக்கமான பதில். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்பது உண்மைதான். ஆனால் மேட்டுப் பக்கம் கான் ஓடுகிறதே! அதற்குக் கழற்றித் துப்புரவாக்கக்கூடிய கொங்கிரீட் மூடி போட்டால் அதுவே நடைபாதை. இப்போது பிள்ளைகள் திறந்த கானுக்கும் லொறிக்கும் இடையில் வரிசையாக நடக்கிறார்கள்.

கடவை விஷயமும் அப்படித்தான். கோடு மட்டும் கீறினால் போதாது. கடவையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் வாகனம் தானாகவே வேகம் குறைக்கும். பஸ் தரிப்பிடம் கடவையைத் தாண்டி இருக்க வேண்டும். கடவைக்கு முன்னால் பஸ் நின்றால், அதன் முன்னால் கடக்கும் பிள்ளை முந்திவரும் முச்சக்கரவண்டிக்குத் தெரியாது. பாடசாலை கேற் நேரே பிரதான வீதியில் திறக்கிறதென்றால், பக்கத்து ஒழுங்கைக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம்.

சைக்கிள் பாதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இந்த ஏற்றத்தில் பிள்ளைகள் நடக்கத்தான் செய்கிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதையல்ல. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் தொடங்கி ஆபிரிக்க நகரங்கள் பலவற்றில் 'அமெண்ட்' என்ற அமைப்பு, விபத்து அதிகமான பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து, வேகத்தடை, நடைபாதை, தடுப்புக் கட்டைகள் அமைத்தது. சில இடங்களில் கேற்றையே மாற்றியது. எல்லாம் சின்னச் செலவு வேலைகள். பிள்ளைகள் காயப்படுவது குறைந்தது. 2019இல் அத்திட்டம் உலக வளங்கள் நிறுவனத்தின் நகரங்களுக்கான ரொஸ் விருதைப் பெற்றது.

இங்கே தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. தோட்டம் என்றாலே கைவிரிக்க, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்டகாலம் காரணம் காட்டப்பட்டது. தோட்டங்களுக்கும் சபை சேவை செய்ய வழிவிட்டு 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. எனவே அந்தப் பழைய பதில் இனிச் செல்லாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு: பிள்ளைகள் வரும் வழியை ஒரு தாளில் வரைந்து, எங்கே கான் திறந்திருக்கிறது, எந்த வளைவில் கடக்கிறார்கள், எந்தத் துண்டு யாருடையது என்று குறிப்பது. பிறகு அதே தாளின் பிரதியை தோட்ட முகாமையாளர், பிரதேச சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை மூன்றுக்கும் ஒரே நாளில் கொடுப்பது. பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.