கலப்புக் கற்றல்: எதோடு எது கலந்தது?

2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவிகிதம் வரை இணையவழி நடத்தலாம் என்றது. இதற்குக் ‘கலப்புமுறைக் கற்றல்’ என்று பெயர். கல்லூரிகளுக்கான பேச்சு அது. பள்ளிப் பிள்ளைகள் தலையில் இந்தக் கலப்பு, பெயர் வைக்கப்படாமலே, 2020இல் விழுந்துவிட்டது.

இவ்வளவு திரை, இவ்வளவு கரும்பலகை என்ற இந்தக் கணக்குக்குள் ஒரு மாணவன் ஒளிந்திருக்கிறான். தனிப் போனும் தன் வசத்தில் நேரமும் உள்ளவன். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன் குடும்பங்களில் போன் தனிச்சொத்து அல்ல. “போனு அப்பாகூட ஷிப்டுக்குப் போயிருச்சுங்க” என்றாள் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். வகுப்பு காலை பத்து மணிக்கு, போன் வருவது ராத்திரி. வால்பாறை எஸ்டேட் லயன் வீடுகளில் கதை வேறு: போன் இருக்கும், சிக்னல் இருக்காது. கருவி போதாமை என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. நேரம் யாருடைய கையில் என்பதும் இங்கே அதிகாரம் சார்ந்த கேள்வி.

கல்வித் தொலைக்காட்சி (தொற்றுக்கு முன்பே, 2019 ஆகஸ்டில் தொடங்கியது) கூடுதல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு 2006க்குப் பின் வந்த இலவச டி.வி.க்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாவ்லோ ஃப்ரெய்ரே சாடிய வங்கிமுறைக் கல்வியிலாவது “புரியலைங்க சார்” என்று ஒரு குரல் எழ இடமுண்டு. டி.வி.க்குக் காது கிடையாது. வகுப்பறையை நான் புனிதப்படுத்தவில்லை. பிரம்பும் சாதியும் கடைசி பெஞ்சும் அங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் புரியாத முகம் அங்கே கண்ணுக்குப் படும்.

2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறந்தது. ஒரு அறைக்கு 20 பேர், மிச்சப்பேர் மறுநாள். கலப்பு உண்மையில் சாத்தியமானது அப்போதுதான். எனக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியர் ஒருவர் வரிசையைத் தலைகீழாக்கினார். பள்ளி வரும் நாள் முழுக்கச் சந்தேகங்களுக்கு. போன் வீடு திரும்பும் ஒன்பது மணிக்கு மேல் இரண்டு நிமிடக் குரல்பதிவும், கரும்பலகையின் ஒரு போட்டோவும். வீடியோ கிடையாது, டேட்டா தின்னும். குரல்பதிவைப் பிள்ளைகள் எத்தனை தடவையும் திருப்பிக் கேட்கலாம். தொழில்நுட்பத்தை நேரலைக்கு அல்லாமல் ஞாபகத்துக்குப் பயன்படுத்துவது இது.

2021 அக்டோபரில் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திரையையே விட்டுவிட்டது. மாதம் 1000 ரூபாய்க்குத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை பாடம் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வாசல் ஊருக்குள்ளா, காலனியிலா? யார் திண்ணையில் யார் பிள்ளை உட்காரும்? திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் வீடு தேடி வருவது அதற்கு மேலான வயசுப் பெண்களுக்காக.