பள்ளிக்கூடம் நமக்குச் சொல்ல வேண்டியது

சித்தி மகள் டெக்சாஸில் இருக்கிறாள். போன ஆகஸ்டில் அவள் பையனுக்குப் பள்ளி திறந்தபோது வாட்ஸப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினாள். முப்பது பக்கத்துக்கு மேல். "அண்ணே, நீதான் இந்த மாதிரி கடுதாசியெல்லாம் உட்கார்ந்து படிப்ப. எனக்கு இதுல கையெழுத்துப் போடறதுதான் வேலை" என்று ஒரு குரல் செய்தியும் கூடவே வந்தது.

அவள் சொன்னது சரிதான். மொத்தத்தையும் படித்தேன். அந்த ஊர் அரசுப் பள்ளிகள் ஒவ்வொரு கல்வியாண்டும் பெற்றோருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய சட்ட அறிவிப்புகளின் தொகுப்பு அது. அதில் முக்கியமானது 1974-ல் வந்த ஃபெர்பா என்கிற சட்டம். பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் பதிவேடுகளைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். தப்பாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். சில விதிவிலக்குகள் தவிர, சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. இந்த உரிமைகள் உண்டு என்பதை வருஷா வருஷம் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு பக்கத்தில் கல்நார் பற்றிய அறிவிப்பு. கட்டடத்தில் கல்நார் எங்கே இருக்கிறது, என்ன செய்யப் போகிறோம் என்ற திட்டத்தைப் பள்ளி வைத்திருக்க வேண்டும். அது இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். இது 1986 சட்டம். நான் படித்த பள்ளியில் சிமெண்டு கூரை ஷீட்டுக்குக் கீழேதான் மூணு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் எங்க அப்பாவிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

படித்து முடித்ததும் ஜூன் மாதம் எங்கள் தெருவில் நடந்தது ஞாபகம் வந்தது.

மூணு வாரம் வீட்டில் இருந்த பிள்ளை

தெப்பக்குளம் பக்கம் எங்கள் தெருவில் ஒரு அக்கா பூக்கட்டி விற்கிறார். விடியும் முன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போய் மல்லிகை வாங்கி வந்து, காலையில் கட்டி, சாயங்காலம் விற்பது. மகள் ஒரு சின்ன தனியார் பள்ளியில் அஞ்சாவது முடித்திருந்தாள். வருஷக் கடைசியில் கட்டண பாக்கி நின்றுவிட்டது. ஆறாவதுக்கு மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கலாம் என்று டி.சி. கேட்டால், பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளி திறந்து மூணு வாரம் ஆகியும் அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாரில் பூ தொடுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் பூ வாங்கும்போது கேட்டேன்.

"ஏங்க்கா, பாப்பா பள்ளிக்கூடம் போகலையா?"

"டி.சி. தரலை தம்பி. டி.சி. இல்லாம யாரு சேர்ப்பா? ஆவணி பொறந்தா சீட்டுப் பணம் வரும், கட்டிட்டு வாங்கிடுவேன்."

அதாவது இன்னும் ரெண்டு மாசம். அந்த அக்கா மாநகராட்சிப் பள்ளியின் வாசலுக்குக்கூடப் போகவில்லை. டி.சி. இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது. அவருக்குச் சட்டம் சாதகமாக இருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 5-வது பிரிவு சொல்வது இது: அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாற விரும்பும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி இருப்பதாக அதில் குறிப்பும் எழுதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பாக்கி இருந்தால் பள்ளி அதைச் சட்டப்படி வேறு வழியில் கேட்கலாம். பிள்ளையின் படிப்பைப் பிடித்துவைத்துக் கேட்கக் கூடாது.

மறுநாள் காலை மூவரும் போனோம். தலைமையாசிரியை அம்மா ரெண்டு நிமிஷம்தான் கேட்டார். "டி.சி. அப்புறம் வரட்டும். பாப்பா, நீ போய் கிளாஸ்ல உட்காரும்மா" என்றார். எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி பெயரை விடுவிக்க மேலும் ரெண்டு வாரம் இழுத்தது. ஆனால் பிள்ளை அன்றைக்கே வகுப்பில் இருந்தாள்.

நம் சட்டத்தில் அறிவிக்கும் கடமை இல்லையா?

இருக்கிறது. ஆனால் சிதறிக் கிடக்கிறது.

முதலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. ஆர்.டி.ஐ. என்றாலே பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவது என்று நினைக்கிறோம். யாரும் கேட்காமலே அரசு அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டியவை 4-வது பிரிவில் பட்டியலாக உள்ளன: அலுவலர்களின் அதிகாரமும் கடமையும், நிதி ஒதுக்கீடு, தகவல் அலுவலர் பெயர் என்று நீளும். அதை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். உள்ளூர் மொழியையும் மக்களை எளிதில் சென்றடையும் வழியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். எப்படிப் பரப்பலாம் என்று அது சொல்லும் வழிகளில் முதலில் வருவது அறிவிப்புப் பலகை. அரசுப் பள்ளியும் இந்தச் சட்டத்துக்குள் வரும் அமைப்புதான்.

இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு. ஆசிரியர்கள் பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். கவனியுங்கள், பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளையின் உரிமையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இல்லை.

மூன்றாவது, 2012-ன் போக்சோ சட்டம். அதன் விதிகளை ஊடகங்கள் வழியாக அவ்வப்போது மக்களிடம் கொண்டுபோக வேண்டிய பொறுப்பை 43-வது பிரிவு மத்திய, மாநில அரசுகளுக்குக் கொடுக்கிறது. நான்காவது, 2023-ன் எண்மத் தனிநபர் தரவுச் சட்டம். தரவுக்குச் சம்மதம் கேட்கும்போது தரும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்துக்கும் நம்முடையதற்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே உரிமையும் அதைச் சொல்லும் கடமையும் ஒரே சட்டத்தில் முடிச்சுப் போட்டிருக்கின்றன. இங்கே டி.சி. உரிமை ஒரு சட்டத்தில், பலகையில் எழுதும் கடமை வேறு ஒரு சட்டத்தில். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை பூக்கார அக்காவின் தலையில் விழுகிறது.

சுவரில் இருப்பதும் இல்லாததும்

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிப் பக்கம் போனாலும் சுவரைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. திருக்குறள் இருக்கும். சத்துணவுப் பட்டியல் இருக்கும், எந்தக் கிழமை என்ன சாதம் என்று. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித்துறையின் 14417 ரெண்டும் பல இடங்களில் எழுதியிருக்கிறது. நல்ல விஷயம்.

சாப்பாட்டுப் பட்டியல் சுவரில் இருப்பதன் பலனைப் பாருங்கள். இன்றைக்கு முட்டை என்று எழுதியிருந்து முட்டை வரவில்லை என்றால் ரெண்டாவது படிக்கிற பிள்ளைகூடக் கேட்டுவிடும். அடிக்கக் கூடாது என்கிற 17-வது பிரிவு அப்படிச் சுவரில் இருந்து நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் அமெரிக்காக்காரனைத் தலையில் தூக்கி வைக்கவும் மனசு வரவில்லை. சித்தி மகள் முப்பது பக்கத்தையும் படிக்காமல் விரலால் ஒரு கையெழுத்துக் கிறுக்கி அனுப்பிவிட்டாள். பள்ளிக்குக் கடமை முடிந்தது, அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் "அப்பவே சொன்னோமே" என்று காட்ட அந்தக் கையெழுத்து உதவும். அந்த மாதிரி அறிவிப்பு பள்ளியைக் காப்பாற்றும் காகிதமாக மாறிவிடுகிறது.

நம்மிடம் அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. 21-வது பிரிவின்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். முப்பது பக்கத்தை அனுப்புவதைவிட, இந்தக் கூட்டத்தில் ஒருவர் ஒரே பக்கத்தைச் சத்தமாக வாசிப்பது மேல். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் காது கேட்கும்.

அந்த ஒரு பக்கம்

அக்காவுக்காக எழுதியதை இங்கே தருகிறேன். எல்லாம் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ளவை, எட்டாம் வகுப்பு வரைக்குமானவை.

1. டி.சி. இல்லை என்று அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. (பிரிவு 5)
2. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கக் கூடாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. (பிரிவு 13)
3. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. (பிரிவு 14)
4. அடிக்கக் கூடாது, மனம் நோகத் துன்புறுத்தவும் கூடாது. (பிரிவு 17)
5. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. (பிரிவு 28)
6. குறை இருந்தால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுதிக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. (பிரிவு 32)

தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத் தமிழ்நாட்டில் 2009-ன் தனிச் சட்டமும், கட்டணத்தை நிர்ணயிக்கக் குழுவும் உண்டு. அது பெரிய கதை, தனியாக எழுதுகிறேன்.

அக்கா இந்தத் தாளைப் பூக்கூடைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார். போன வாரம் கேட்டார்: "தம்பி, இதுல இன்னும் நாலு ஜெராக்ஸ் எடுத்துத் தா. மார்க்கெட்ல என்கூட வர்றவளுக்கும் இதே கதைதானாம்." பத்து எடுத்துக் கொடுத்தேன். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் பலகையில் ஒட்டிவிட்டு வாருங்கள்.