முகத்தினுள் காற்றறைகள்

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் 4 இணைக் காற்றறைகள் உள்ளன. இவையே சைனஸ் எனப்படுகின்றன. சளி பிடிக்கும்போது இவற்றின் உட்சவ்வு வீங்கி, சிறு வாயில்கள் அடைபடுகின்றன. உள்ளே நீர் தேங்குவதால் நெற்றியும் கன்னமும் வலிக்கின்றன.

பெரும்பாலும் வைரசால் தோன்றும் இந்நோய் தானே தணியும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை அழிக்காது. ஆதலால் அதனைத் தாமே வாங்கி உண்ணுதல் தகாது. ஓய்வும் போதிய நீரும் வெதுவெதுப்பான ஒற்றடமும் வலியைத் தணிக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவோர், கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

நோய் 10 நாள்களுக்கு மேல் நீடித்தாலும், குறைந்தபின் மீண்டும் பெருகினாலும் மருத்துவரை நாட வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, கழுத்து விறைப்பு, கடுங்காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். ஏனெனில், இவ்வறைகளைக் கண்குழியிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரிப்பது மெல்லிய எலும்புச் சுவரே.