துண்டு போட்ட இருக்கைகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, லினக்ஸ் என்னும் மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துகின்றனர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய அதனை, இன்று உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்க்கின்றனர். மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்துடன் வெளியாகும் இத்தகைய ஆக்கங்களே திறமூல மென்பொருள்கள். வங்கிகளும் அரசு இணையதளங்களும் இவற்றை நம்பியே இயங்குகின்றன.

லினக்ஸுக்கு ஆயிரக்கணக்கானோர் இருக்கலாம். ஆனால், அதே அளவுக்கு இன்றியமையாத வேறு பல மென்பொருள்களைத் தாங்கி நிற்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 2024 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த 'எக்ஸ்இசட்' விவகாரம் இதனை உணர்த்தியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் அச்சிறு மென்பொருளை ஏறக்குறைய ஒரே ஒரு தன்னார்வலர்தான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார். சோர்ந்திருந்த அவருக்கு உதவ வந்தவர்போல நுழைந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியில் அதற்குள் ஒரு கள்ளக்கதவைப் பொருத்திவிட்டார். வேறொரு பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவது ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவியதால் பேராபத்து விலகியது.

பராமரிப்பாளருக்கு நம்பகமான துணைவர்கள் நான்கு பேர் இருந்திருந்தால், அந்நியரின் உதவி அத்தனை அரிதாகத் தோன்றியிராது. அத்தகைய துணைவர்கள் ஒரே நாளில் உருவாவதில்லை. ஏதோ ஒரு சிறு பணியில் தொடங்கித்தான் அவர்கள் உருவாகிறார்கள்.

அதற்காகவே பல திட்டங்கள் எளிய வேலைகளைப் புதியவர்களுக்கென ஒதுக்கி வைக்கின்றன. கிட்ஹப் தளத்தில் இவற்றுக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற முத்திரை உண்டு. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவது, தெளிவற்ற ஒரு பிழைச்செய்தியை மாற்றி எழுதுவது, விடுபட்ட ஒரு சோதனையைச் சேர்ப்பது போன்றவை அவை. புதியவர் ஒருவர் வருகிறார். "இதை நான் செய்கிறேன்" என்று எழுதுகிறார். வேலை அவர் பெயரில் ஒதுக்கப்படுகிறது. அதன்பின் பெரும்பாலும் அமைதி.

பேருந்து நிலையத்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிக்கும் காட்சியை நாம் அறிவோம். துண்டுக்கு உரியவர் ஏறவே இல்லை; ஆனாலும், நின்றுகொண்டிருப்பவர் அங்கே உட்காரத் தயங்குகிறார். ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கிறது. அடுத்து வரும் ஆர்வலர், பணி ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருப்பதைக் கண்டு திரும்பிவிடுகிறார்.

பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நிரல் என்பது பயன்படுத்தினால் குறையாத பண்டம். ஒருவர் படியெடுப்பதால் மற்றவருக்கு இழப்பில்லை. ஆனால், அதனை உருவாக்கும் இடத்தில் உள்ள பணியும், அதைச் சொல்லித்தரும் பராமரிப்பாளரின் நேரமும் அப்படிப்பட்டவை அல்ல. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. பொதுவளங்களை மக்கள் தாமே வகுத்த விதிகளால் ஆளமுடியும் என்று நிறுவி, 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் ஆராய்ந்தவற்றுள் ஸ்பெயினின் வாலென்சியா பாசன முறையும் ஒன்று. அங்கே தன் முறை வரும்போது மடையைத் திறக்கத் தவறும் உழவர், நீர் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அவருக்காக வாய்க்கால் நிற்பதில்லை.

திறமூலத் திட்டங்கள் சிலவும் இத்தகைய விதிகளை வகுத்துள்ளன. வலைத்தளங்கள் உருவாக்க உதவும் 'ஜாங்கோ' திட்டத்தில், பணியை ஏற்றவர் அவ்வப்போது நிலையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமலும், கேட்டால் பதில் சொல்லாமலும் இருந்தால் அவரது உரிமை நீக்கப்படலாம். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் வழி வேறு. தொடக்கநிலைப் பணிக்கு முன்கூட்டியே இடம்பிடிக்கத் தேவையில்லை; திருத்தத்தை அனுப்பியதும் பணி தானாகவே அவர் பெயருக்கு வந்துவிடும். இதில் இருவர் ஒரே வேலையைச் செய்து ஒருவருடைய உழைப்பு வீணாகும் வாய்ப்பு உண்டு. அனுபவமற்றவருக்கு முதல் முயற்சியிலேயே அந்த ஏமாற்றம் கூடாது என்பதால், குறுகிய காலத்துக்குப் பணியை ஒதுக்கித் தருவதே நன்று என்பது என் கருத்து.

ஆயினும், காலக்கெடு இருக்கையைக் காலி செய்யும். பயணியை ஊர் கொண்டு சேர்க்காது. ஆர்வத்துடன் கைதூக்கியவர் ஏன் மறைந்துபோகிறார் என்பதுதான் கேள்வி. சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

திருத்தவேண்டியது இரண்டே வரிகளாக இருக்கும். ஆனால், அந்த மென்பொருளைத் தம் கணினியில் முழுமையாகக் கட்டமைத்து இயக்கிப் பார்க்கவே இரண்டு நாள்கள் ஆகலாம். பழைய மடிக்கணினியும் கைப்பேசியின் இணைய இணைப்பும் மட்டுமே உள்ள மாணவர், பணியைத் தொடும் முன்பே களைத்துவிடுகிறார். இதனை உணர்ந்த மொசில்லா, முன்பே கட்டமைத்த பகுதிகளைப் பதிவிறக்கிக்கொண்டு, மேல்தளத் திருத்தங்களை மட்டும் செய்துபார்க்க வழி தந்துள்ளது. எத்தனை வரவேற்புரை எழுதினாலும் இதற்கு ஈடாகாது.

இன்னொரு தடை, கேட்கத் தயங்கும் மனம். என் ஆசிரியப் பணியில் "ஐயம் ஏதும் உண்டா?" என்று வகுப்பில் கேட்டபோதெல்லாம் கிடைத்தது மௌனமே, அதே மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் வந்து நின்றனர். திறமூல உலகில் அந்தத் தாழ்வாரம் இல்லை. ஐயத்தை ஆங்கிலத்தில், உலகமே பார்க்கும் இடத்தில், அழியாத பதிவாக எழுதவேண்டும். ஒரு வாரம் தயங்குகிறார். இரண்டாவது வாரம் தாமதமே வெட்கமாகிறது. மூன்றாவது வாரம் அந்தப் பக்கமே திறப்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வை இரண்டாம் இயலோடு நிறுத்திவிட்டுத் துறைப் பக்கமே வராத மாணவர்களை நெறியாளர்கள் அறிவார்கள். இது அதே நோய்தான்.

இங்கே உதவக்கூடியது, நான்கைந்து நாள்களில் பராமரிப்பாளரே முந்திக்கொண்டு கேட்கும் ஒரு கேள்வி. "முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டால் குற்றவுணர்வு கூடும். "எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வரும். அரைகுறையாக இருப்பதையே அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. கிட்ஹப்பில் 2019 முதல் திருத்தத்தை வரைவு நிலையிலேயே முன்வைக்கும் வசதி உள்ளது. புதியவர்களுக்கு அதைச் சொல்வார் இல்லை.

குற்றம் புதியவருடையதாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. திருத்தத்தை அனுப்பிவிட்டு, மறுமொழிக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வெளியேறியவர்களும் உண்டு.

உண்மையில், அந்த இரண்டு வரிகளைப் பராமரிப்பாளரே பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். அதைப் புதியவர் செய்யத்தக்க வகையில் எந்தக் கோப்பு, எந்த இடம், எப்படிச் சோதிப்பது என்று விளக்கி எழுதவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். வந்தவர் அந்த ஒரு பணியோடு போய்விட்டால் இது வெறும் நட்டம். அவர் இரண்டாவது பணிக்கும் திரும்பினால்தான் முதலீடு பலன் தரத் தொடங்குகிறது. ஆகவே, முதல் திருத்தம் ஏற்கப்பட்ட அன்றே, சற்றே கடினமான அடுத்த பணியொன்றைப் பெயர் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

பரிசுகளால் இதைச் சாதிக்க முயன்றதும் உண்டு. ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பியவர்களுக்குச் சட்டை வழங்கப்பட்டது. 2020-இல் பொருளற்ற திருத்தங்கள் வெள்ளமெனக் குவிய, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்வு பொருந்தும் என்று நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும்.

2005 முதல் கூகுள் நடத்திவரும் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் பங்கேற்போரில் இந்திய மாணவர்கள் பெருந்தொகையினர். விண்ணப்பக் காலத்தில் தொடக்கநிலைப் பணிகளுக்குப் பெரும் போட்டி நிலவுகிறது. முடிவு வெளியான பின் வாய்ப்பு கிட்டாதவர்களில் பலர் கலைந்துவிடுகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. நம் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுச் செயல்திட்டமாக, நூலகத்தில் தூசி படியும் அறிக்கைக்குப் பதில், ஏதேனும் ஒரு திறமூலத் திட்டத்தில் ஏற்கப்பட்ட இரண்டு திருத்தங்களை மதிப்பெண்ணுக்கு உரியதாக்கலாம். திருத்தம் சிறிதாயினும் தடையில்லை, இரண்டாவது கட்டாயம். வாரம் ஒருமுறை மாணவரை அழைத்து, எந்த இடத்தில் நிற்கிறார் என்று கேட்க ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். அந்த ஆசிரியருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.